லண்டன் சுரங்க ரயில்: யார் போட்ட பணம், யார் போட்ட தடம்

கேள்வி இதுதான்: "உலகின் முதல் சுரங்க ரயில் 1863-லேயே லண்டனில் ஓடியது என்கிறார்கள். அவ்வளவு அனுபவம் உள்ள ஊரில் ஏன் இத்தனை குழப்பம்? நார்தர்ன் தடம் நடுவில் இரண்டாகப் பிரிந்து மறுபடி சேர்கிறது. சில ரயில்கள் விசாலமாக இருக்கின்றன, சிலவற்றில் கதவோரம் நின்றால் தலை குனிய வேண்டியிருக்கிறது. தேம்ஸ் நதிக்குத் தெற்கே பார்த்தால் வரைபடமே வெறிச்சோடிக் கிடக்கிறது. அரசாங்கம் என்னதான் திட்டம் போட்டது?"

அரசாங்கம் திட்டம் எதுவும் போடவில்லை என்பதுதான் சுருக்கமான பதில். முதல் 70 ஆண்டுகள் லண்டனின் சுரங்க ரயில்களைக் கட்டியவை தனியார் கம்பெனிகள். நாடாளுமன்றம் அனுமதி கொடுத்தது, சில நேரம் தடுத்தது, அதோடு சரி. பணம் பங்குதாரர்களுடையது. அவர்களில் பெரும்பாலோருக்கு எதிர்பார்த்த லாபம் வரவே இல்லை. நீங்கள் கேட்கும் ஒவ்வொரு கோணலுக்குப் பின்னாலும் ஒரு கம்பெனி, ஒரு கடன், அல்லது ஒரு சண்டை இருக்கிறது. அதனால் இந்த வரலாற்றைப் பொறியியலாகப் படிப்பதைவிடப் பணத்தின் வழியாகப் படித்தால்தான் புரியும் என்பது என் எண்ணம்.

முதலில், இந்த யோசனை ஏன் வந்தது? 1801-இல் ஏறக்குறைய 10 லட்சமாக இருந்த லண்டன் மக்கள்தொகை 1851-இல் 24 லட்சத்தைத் தொட்டது. அதற்குள் ரயில் வந்துவிட்டது. ஆனால் 1846-இல் அமைக்கப்பட்ட அரச ஆணையம், நகரத்தின் மையப் பகுதிக்குள் ரயில்வேக்கள் நுழையக் கூடாது என்று பரிந்துரைத்தது. ஆகவே பேடிங்டன், யூஸ்டன், கிங்ஸ் கிராஸ் எல்லாம் ஊர் விளிம்பிலேயே நின்றுவிட்டன. வெளியூரிலிருந்து இரண்டு மணி நேரத்தில் வந்து இறங்கியவர், அங்கிருந்து நகர மையத்தின் வங்கிப் பகுதிக்குப் போக குதிரை வண்டியில் ஒரு மணி நேரம் நெரிசலில் கிடக்க வேண்டியிருந்தது.

சார்ல்ஸ் பியர்சன் என்பவர் லண்டனின் நடுவே இருக்கும் பழைய வணிகப் பகுதியான சிட்டி ஆஃப் லண்டன் மாநகராட்சியின் வழக்கறிஞர். 1840-களிலிருந்தே ரயிலைத் தெருவுக்கு அடியில் கொண்டுபோகலாம் என்று விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய நோக்கம் நெரிசல் மட்டுமல்ல. நகர மையத்தில் ஒரே அறையில் குடும்பம் குடும்பமாக அடைந்து கிடந்த தொழிலாளர்கள், ஊருக்கு வெளியே காற்றோட்டமான வீட்டில் குடியிருந்து, மலிவான கட்டணத்தில் வேலைக்கு வந்துபோக வேண்டும் என்பது அவர் ஆசை. நாடாளுமன்ற அனுமதி 1854-இல் கிடைத்தது. ஆனால் கிரிமியப் போர் நடந்துகொண்டிருந்த நேரம், பணம் திரட்ட முடியவில்லை. கடைசியில் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே 1,75,000 பவுண்டு தர, பியர்சன் தன் மாநகராட்சியையும் 2 லட்சம் பவுண்டுக்குப் பங்கு வாங்க வைத்தார். 1860-இல் வேலை தொடங்கியது.

கட்டிய முறை எளிமையானது, ஆனால் முரட்டுத்தனமானது. சாலையை நீளவாக்கில் தோண்டிப் பள்ளமாக்குவது, இரு பக்கமும் செங்கல் சுவர் எழுப்புவது, மேலே வளைவு கட்டி மூடுவது, அதற்கு மேல் மறுபடி சாலை போடுவது. தலைமைப் பொறியாளர் ஜான் ஃபௌலர். இன்றைய மேரிலபோன் சாலை, யூஸ்டன் சாலை ஆகியவற்றின் அடியில் இந்தத் தடம் போவதற்குக் காரணம், அங்கே அகலமான சாலை இருந்ததுதான். சாலைக்கு அடியில் போனால் வீடுகளுக்கு நஷ்டஈடு தர வேண்டாம். சாலை இல்லாத இடத்தில் ஏழைகளின் குடியிருப்புகளை இடித்தார்கள், ஏனென்றால் அவைதான் மலிவு. வாடகைக்குக் குடியிருந்தவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. பியர்சன் யாருக்காக இந்த ரயிலைக் கேட்டாரோ அவர்கள்தான் முதலில் தெருவுக்கு வந்தார்கள்.

ஜூன் 1862-இல் ஃபிளீட் ஆற்றுக் கழிவுநீர்க் கால்வாய் உடைந்து, கட்டி முடித்த பகுதிக்குள் சாக்கடை புகுந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் பியர்சன் இறந்துபோனார். நான்கு மாதம் கழித்து, 1863 ஜனவரி 10 அன்று மெட்ரோபாலிடன் ரயில்வே பொதுமக்களுக்குத் திறந்தது. பேடிங்டனிலிருந்து ஃபேரிங்டன் வரை சுமார் 6 கிலோமீட்டர். முதல் நாளே 38,000 பேர் ஏறினார்கள். முதல் ஆண்டில் 95 லட்சம் பயணங்கள். 78 வயதான பிரதமர் பால்மர்ஸ்டன் திறப்பு விழாவுக்கு வர மறுத்து, இந்த வயதில் முடிந்தவரை மண்ணுக்கு மேலேயே இருக்க விரும்புகிறேன் என்றாராம்.

அதில் ஓடியவை நீராவி இன்ஜின்கள். சுரங்கத்துக்குள் கரி எரிக்கும் இன்ஜின்! வெளியேறும் நீராவியைக் குளிர்ந்த நீர்த் தொட்டிக்குள் திருப்பிவிடும் ஏற்பாடு இருந்தது, ஆனால் புகைக்கு வழியில்லை. சூடாக்கிய செங்கற்களை வைத்து நெருப்பே இல்லாமல் ஓட்டலாம் என்று ஃபௌலர் ஒரு சோதனை இன்ஜின் செய்து பார்த்தார். அது உருப்படவில்லை. பெட்டிகளுக்குள் காஸ் விளக்கு வேறு. 1890-களில் இதுபற்றி விசாரணை நடந்தபோது, கோவர் ஸ்ட்ரீட் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த மருந்துக்கடைக்காரர், மூச்சுத் திணறி மேலே வரும் பயணிகளுக்காகவே 'மெட்ரோபாலிடன் மிக்சர்' என்று ஒன்றைக் கலந்து வைத்திருப்பதாகச் சொன்னார். கம்பெனியோ, இந்தக் காற்று ஆஸ்துமாவுக்கு நல்லது என்கிற அளவுக்குப் போனது. விளம்பரத் துறைக்கு வெட்கம் இல்லாதது அன்றும் அப்படித்தான்.

பியர்சன் கனவில் ஒரு பகுதி மட்டும் சீக்கிரம் பலித்தது. 1864-இல் மெட்ரோபாலிடன், அதிகாலையில் தொழிலாளர்களுக்கென்று தனி ரயில்கள் விட்டது. போக வர 3 பென்ஸ். சாதாரண மூன்றாம் வகுப்புக்கு ஒரு வழிக்கே 3 பென்ஸ்.

இதன் வெற்றியைப் பார்த்து, நகரைச் சுற்றி ஒரு வட்டத் தடம் வேண்டும் என்று நாடாளுமன்றக் குழுவே சொன்னது. சரி, இங்கேயாவது திட்டம் இருக்கிறதே என்று நினைப்பீர்கள். வட்டத்தின் தெற்குப் பாதியைக் கட்ட டிஸ்ட்ரிக்ட் ரயில்வே என்று தனிக் கம்பெனி உருவானது. 1868-இல் சவுத் கென்சிங்டனிலிருந்து வெஸ்ட்மின்ஸ்டர் வரை திறந்தது. கென்சிங்டன் பணக்காரப் பகுதி, நஷ்டஈடு மலைபோல் ஏறியது. டிஸ்ட்ரிக்ட் அந்தக் கடனிலிருந்து கடைசிவரை மீளவே இல்லை. பேஸ்வாட்டரில் லெயின்ஸ்டர் கார்டன்ஸ் என்ற தெருவில் 23, 24 ஆம் எண் வீடுகள் இன்றும் உண்டு. ஜன்னல், தூண், பால்கனி எல்லாம் இருக்கும், பின்னால் வீடு மட்டும் இருக்காது. வெறும் சுவர். அந்த இடத்தில் ரயில் பாதை திறந்தவெளியாக விடப்பட்டது, இன்ஜின்கள் புகையும் நீராவியும் கக்குவதற்காக. தெருவின் அழகு கெடக் கூடாது என்பதற்காக முகப்பை மட்டும் கட்டிக் கொடுத்தார்கள்.

அப்புறம் வந்தது ஆட்களின் சண்டை. மெட்ரோபாலிடனின் தலைவர் எட்வர்ட் வாட்கின். டிஸ்ட்ரிக்டுக்கு ஜேம்ஸ் ஸ்டாட்ஸ் ஃபோர்ப்ஸ். இருவரும் கென்ட் பகுதியில் போட்டியாக ஓடிய இரண்டு பெரிய ரயில்வேக்களுக்கும் தலைவர்கள், ஆண்டுக்கணக்கில் ஒருவரையொருவர் வெறுத்தவர்கள். அந்தப் பகையை அப்படியே மண்ணுக்கடியில் கொண்டுவந்தார்கள். வட்டம் முழுமையாக 1884 ஆகிவிட்டது. முழுமையான பிறகும் ஒருவர் ரயில் பெரும்பாலும் ஒரு திசையில், மற்றவர் ரயில் எதிர்த்திசையில். இரண்டு கம்பெனிக்கும் தனித்தனி டிக்கெட் கவுண்டர். நீங்கள் தவறான கவுண்டரில் நின்றால், ஐந்து நிமிடத்தில் போக வேண்டிய இடத்துக்கு வட்டத்தின் மறுபக்கமாகச் சுற்றிப் போகும் டிக்கெட்டை அமைதியாகக் கொடுத்துவிடுவார்கள். எதிர்த்திசையில் போனால் அருகில்தான் என்று சொல்ல அவர்களுக்கு என்ன அவசியம்?

வாட்கின் பற்றி இன்னும் ஒரு வரி சொல்லாமல் போக மனமில்லை. ஐஃபெல் கோபுரத்தைவிட உயரமாக ஒன்றை வெம்ப்ளியில் கட்டினால், அதைப் பார்க்க வருகிறவர்கள் தன் ரயிலில்தானே வர வேண்டும் என்று கணக்குப் போட்டார். முதல் தளத்தோடு பணம் தீர்ந்தது. 1907-இல் அதை இடித்தார்கள். அந்த இடத்தில்தான் பிறகு வெம்ப்ளி ஸ்டேடியம் வந்தது.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி, குள்ள ரயில்கள். சாலையைத் தோண்டிக் கட்டும் முறை நகர மையத்தில் இனிச் சாத்தியமில்லை என்று ஆனபோது, ஆழத்தில் வட்டக் குழாய் போலத் துளைப்பது ஒன்றுதான் வழி. இதற்கு முன்னோடி மார்க் புருனெல். தேம்ஸுக்கு அடியில் 1825-இல் அவர் தொடங்கிய சுரங்கம், வெள்ளமும் மரணமும் பணத் தட்டுப்பாடுமாக இழுத்து 1843-இல் நடைபாதையாகத் திறந்தது. தோண்டுகிறவர்களின் தலையில் மண் சரியாமல் தாங்கிக்கொண்டு முன்னே நகரும் இரும்புச் சட்டம் அவருடைய கண்டுபிடிப்பு, ஷீல்டு என்று அதற்குப் பெயர். தென்னாப்பிரிக்காவில் பிறந்த ஜேம்ஸ் ஹென்றி கிரேட்ஹெட் அதை வட்ட வடிவில் செய்தார். ஷீல்டு ஓரடி முன்னே போனதும், பின்னால் வார்ப்பிரும்பு வளையத் துண்டுகளைப் பூட்டிக்கொண்டே வர வேண்டியதுதான். 1870-இல் டவர் சப்வே என்ற குட்டிச் சுரங்கத்தில் இது வேலை செய்தது. அதில் கேபிள் இழுத்த 12 பேர் வண்டி ஓடியது. கம்பெனி அந்த ஆண்டு முடிவதற்குள் திவாலானது, தொழில்நுட்பம் தப்பித்தது. இன்று சென்னையிலும் டெல்லியிலும் மெட்ரோவுக்குச் சுரங்கம் துளைக்கும் ராட்சத இயந்திரங்கள் இந்த ஷீல்டின் வாரிசுகள்தான்.

இதை வைத்து 1890-இல் திறந்ததுதான் சிட்டி அண்ட் சவுத் லண்டன் ரயில்வே. உலகின் முதல் ஆழ்துளை மின்சார ரயில். முதலில் இதையும் கேபிளால் இழுப்பதாகத்தான் ஏற்பாடு. கேபிள் ஒப்பந்தக் கம்பெனி மூழ்கியதால் வேறு வழியில்லாமல் மின்சாரத்துக்கு மாறினார்கள். கேபிள் வண்டிக்கு என்று துளைத்த சுரங்கத்தின் விட்டம் 3.1 மீட்டர். செலவைக் குறைக்க எவ்வளவு சிறியதாகத் துளைக்கலாமோ அவ்வளவு சிறியது. அதற்குள் நுழைய ரயிலும் குள்ளமாக வேண்டும். இருட்டில் பார்க்க என்ன இருக்கிறது என்று ஜன்னலைக்கூட மேலே ஒரு கீற்றாக மட்டும் வைத்தார்கள். பிறகு வந்த ஆழ்துளைத் தடங்கள் கொஞ்சம் பெரிதாக, ஏறக்குறைய மூன்றரை மீட்டர் விட்டத்தில் அமைந்தாலும் வித்தியாசம் பெரிதில்லை. நீங்கள் கதவோரம் தலை குனிவது விக்டோரியா காலப் பங்குதாரர்கள் மண் அள்ளும் செலவில் மிச்சம் பிடித்ததால்தான். மெட்ரோபாலிடன், டிஸ்ட்ரிக்ட், சர்க்கிள் தடங்களில் விசாலமான பெட்டிகள் இருப்பதற்குக் காரணம், அவை சாதாரண ரயில் அளவுக்குத் தோண்டப்பட்ட பழைய பள்ளங்கள் என்பது.

ஆழத்தில் போனாலும் அடுத்தவர் நிலத்துக்கு அடியில் போனால் பணம் கேட்பார்கள். அதனால் குழாய்களும் தெருவுக்கு அடியிலேயே தெருவோடு வளைந்து போயின. தெரு குறுகலான இடத்தில் இரண்டு சுரங்கங்களை ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டார்கள். சான்சரி லேன், செயின்ட் பால்ஸ் நிலையங்களில் ஒரு நடைமேடை மேலும் மற்றது கீழும் இருப்பது இதனால். பேங்க் நிலையத்தில் சென்ட்ரல் தடத்தின் நடைமேடை வில்லாக வளைந்து, பெட்டிக்கும் மேடைக்கும் இடையில் கால் நுழையும் அளவு இடைவெளி விடுவதும் இதனால்.

சென்ட்ரல் தடம் 1900-இல் திறந்தது. எங்கே ஏறி எங்கே இறங்கினாலும் 2 பென்ஸ். சில வாரங்களிலேயே ஒரு நாளைக்கு ஏறக்குறைய லட்சம் பேர். இதைப் பார்த்தவுடன் பணக்காரர்களுக்கு நாக்கில் நீர் ஊறியது. இங்கேதான் கதை சூடு பிடிக்கிறது.

விட்டேக்கர் ரைட் கனிமச் சுரங்கத் தொழில் பங்குகளில் பெரும் பணம் பார்த்தவர். தன் பண்ணையில் ஏரிக்கு அடியில் கண்ணாடிக் கூரையோடு ஓர் அறை கட்டி வைத்திருந்தார், விருந்தாளிகள் அங்கே உட்கார்ந்து சுருட்டுப் பிடிக்கலாம். இன்றைய பேக்கர்லூ தடத்துக்கு முதலில் பணம் போட்டது அவருடைய கம்பெனிதான். 1900 டிசம்பரில் அந்தக் கம்பெனி கணக்குப் புரட்டு வெளிவந்து சரிந்தது. பாதி தோண்டிய சுரங்கம் அப்படியே நின்றது. அமெரிக்காவுக்கு ஓடிய ரைட்டைப் பிடித்து வந்து வழக்கு நடத்தினார்கள். 1904 ஜனவரியில் 7 ஆண்டு தண்டனை வாசிக்கப்பட்ட சற்று நேரத்தில், நீதிமன்றக் கட்டடத்திலேயே சயனைடு தின்று இறந்தார்.

நின்றுபோன அந்தச் சுரங்கத்தை வாங்கியவரும் லேசுப்பட்டவரில்லை. சார்ல்ஸ் டைசன் யெர்க்ஸ், பிலடெல்பியாவில் நகராட்சிப் பணத்தைக் கையாண்ட வழக்கில் சிறை சென்று மீண்டவர். பிறகு சிகாகோவில் டிராம் கம்பெனிகளைக் கைக்குள் போட்டுக்கொண்டு, அரசியல்வாதிகளுக்கு லஞ்சம் கொடுத்தார் என்று ஊரே கொதித்தபோது, சொத்தை விற்றுவிட்டு 1900-இல் லண்டன் வந்தார். இரண்டே ஆண்டில் டிஸ்ட்ரிக்ட், பேக்கர்லூ, பிக்கடில்லி, ஹேம்ப்ஸ்டெட் நான்கும் அவர் பிடியில். அமெரிக்க வங்கியாளர் ஜே.பி. மார்கன் போட்டியாகத் தனித் தடம் கேட்டு நாடாளுமன்றத்துக்கு வந்தார். யெர்க்ஸின் வங்கியாளரான எட்கர் ஸ்பேயர், மார்கனின் கூட்டாளி டிராம் கம்பெனியையே விலைக்கு வாங்கி அந்தத் திட்டத்தைக் கவிழ்த்தார். யெர்க்ஸ் செல்சியில் லாட்ஸ் ரோடு மின் நிலையம் கட்டினார். லெஸ்லி கிரீன் என்ற இளம் கட்டடக் கலைஞர் அவருக்காக வடிவமைத்த, காய்ந்த ரத்த நிற ஓடு பதித்த நிலையங்கள் இன்றும் தெருமுனைகளில் நிற்கின்றன. கிரீன் 33 வயதில் இறந்துபோனார். யெர்க்ஸும் 1905 டிசம்பரில், தன் குழாய்த் தடங்களில் ஒன்றுகூடத் திறப்பதற்கு முன்பே நியூயார்க்கில் இறந்தார்.

1906-07-இல் பேக்கர்லூ, பிக்கடில்லி, ஹேம்ப்ஸ்டெட் ஆகிய மூன்று குழாய்த் தடங்களும் திறந்தன. அப்போதுதான் பங்குதாரர்களுக்கு உண்மை உறைத்தது. பிக்கடில்லியில் ஆண்டுக்கு 6 கோடிப் பயணிகள் என்று கணித்திருந்தார்கள், வந்தது 2 கோடியே 60 லட்சம். ஹேம்ப்ஸ்டெட்டுக்கு 5 கோடி என்றார்கள், பாதிதான் வந்தது. பேக்கர்லூ கொஞ்சம் தேவலை, மூன்றரைக் கோடிக்கு 2 கோடி. மேலே தெருவில் மின்சார டிராமும் மோட்டார் பஸ்ஸும் வந்துவிட்டன, போட்டி கடுமை. 1908-இல் திரும்பத் தர வேண்டிய 70 லட்சம் பவுண்டு கடன் பத்திரங்கள் கழுத்தை நெரித்தன. ஸ்பேயர் தன் வங்கிப் பணத்தைப் போட்டு, கடன்காரர்களைச் சமாதானம் செய்து கம்பெனியைக் காப்பாற்றினார். ஜெர்மானிய வம்சாவளி என்பதற்காக முதல் உலகப் போரின்போது இதே லண்டன் அவரை வெளியேறும் அளவுக்கு விரட்டியது என்பது தனிக் கதை.

இந்த நெருக்கடியால் ஒரு நல்லது நடந்தது. தனித்தனியாக அடித்துக்கொண்டால் எல்லாரும் சாவோம் என்று புரிந்து, 1908-இல் கம்பெனிகள் சேர்ந்து 'அண்டர்கிரவுண்ட்' என்ற ஒரே பெயர்ப் பலகையையும் ஒரே வரைபடத்தையும் வெளியிட்டன. சிவப்பு வட்டத்தின் குறுக்கே நீலப் பட்டை போகும் அந்தச் சின்னத்தின் தொடக்கமும் இதே ஆண்டுதான். அமெரிக்காவிலிருந்து மேலாளராக வந்த ஆல்பர்ட் ஸ்டேன்லி, பிறகு ஆஷ்ஃபீல்டு பிரபு ஆனவர், 1912-இல் நகரின் மிகப் பெரிய பஸ் கம்பெனியை வாங்கினார். பஸ்ஸில் வந்த லாபம் சுரங்க ரயிலின் நஷ்டத்தைத் தாங்கியது. அவரோடு இருந்த ஃபிராங்க் பிக், எழுத்துரு முதல் சுவரொட்டி வரை எல்லாவற்றுக்கும் ஒரு முகத்தைக் கொடுத்தார். எட்வர்ட் ஜான்ஸ்டன் அவருக்காக 1916-இல் உருவாக்கிய எழுத்துருவின் வம்சம்தான் இன்றும் நிலையப் பலகைகளில். எனக்குக் கேட்டால், யெர்க்ஸைவிட, ரைட்டைவிட, பிக் பற்றித்தான் அதிகம் பேச வேண்டும். ஆனால் ஒழுங்கான மனிதர்களுக்குக் கதை குறைவு.

நார்தர்ன் தடத்தின் விசித்திரத்துக்கு இங்கே பதில் இருக்கிறது. அது இரண்டு கம்பெனிகளின் இரண்டு தடங்கள். 1890-இல் திறந்த சிட்டி அண்ட் சவுத் லண்டன் ஒன்று, யெர்க்ஸின் ஹேம்ப்ஸ்டெட் தடம் இன்னொன்று. 1913-இல் முதல் கம்பெனியும் கூட்டுக்குள் வந்த பிறகு, இரண்டையும் இணைக்க வேண்டும் என்று தீர்மானித்தார்கள். பழைய சிறிய சுரங்கத்தை மற்றதன் அளவுக்கு அகலப்படுத்தி, 1924-இல் கேம்டன் டவுனிலும் 1926-இல் கெனிங்டனிலும் முடிச்சுப் போட்டார்கள். அதனால்தான் நடு நகரத்தில் பேங்க் வழி ஒரு கிளை, சேரிங் கிராஸ் வழி ஒரு கிளை. நார்தர்ன் என்று பெயரே 1937-இல்தான் வைத்தார்கள். இன்னும் ஒரு வேடிக்கை, லண்டன் சுரங்க ரயிலின் தெற்கு எல்லையான மார்டன் நிலையம் இந்த 'வடக்கு'த் தடத்தில்தான் இருக்கிறது.

அந்த இணைப்பு வேலைக்கு யார் பணம் கொடுத்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். முதல் உலகப் போருக்குப் பின் வேலையில்லாத் திண்டாட்டம். கட்டுமானப் பணிகளுக்காக வாங்கும் கடனுக்கு அரசு உத்தரவாதம் தரும் என்று 1921-இல் சட்டம் வந்தது. ஆஷ்ஃபீல்டு அதைப் பிடித்துக்கொண்டு வடக்கே எட்ஜ்வேர் வரை, தெற்கே மார்டன் வரை நீட்டினார். பொதுப்பணத்தின் நிழல் முதன்முறையாகத் தடத்தின் மேல் விழுந்தது இங்கேதான்.

மெட்ரோபாலிடன் மட்டும் இந்தக் கூட்டில் சேராமல் தனியே நின்றது. அது வேறு வழியில் காசு பார்த்தது. உபரி நிலத்தை வைத்துக்கொள்ள அதற்கு மட்டும் நாடாளுமன்றம் சலுகை தந்திருந்தது. 1919-இல் அதன் துணைக் கம்பெனி ஒன்று உருவாகி, பாதையோரம் வீடு கட்டி விற்க ஆரம்பித்தது. தோட்டத்தோடு வீடு வாங்குங்கள், எங்கள் ரயிலிலேயே வேலைக்குப் போங்கள் என்றது. வடமேற்குப் புறநகரான ஹேரோவும் அதைத் தாண்டிய ஊர்களும் இப்படித்தான் நிரம்பின. சுரங்க ரயில் வரலாற்றில் உண்மையான லாபம் பெரும்பாலும் ரியல் எஸ்டேட்டில்தான் வந்திருக்கிறது.

1933 ஜூலை 1 அன்று ரயில், டிராம், பஸ் எல்லாவற்றையும் ஒரு பொது வாரியத்தின் கீழ் கொண்டுவந்தார்கள். ஆஷ்ஃபீல்டு தலைவர், பிக் நிர்வாகி. அதே ஆண்டு ஜனவரியில்தான் ஹேரி பெக் வரைந்த வரைபடம் வெளியானது. மின்சுற்றுப் படம் வரைகிற கைதான் பெக்குடையது. பூமிக்கு மேல் எங்கே என்பது முக்கியமில்லை, எந்த நிலையத்துக்குப் பின் எது, எங்கே மாற வேண்டும், அவ்வளவுதான் என்று கோடுகளை நேராக்கினார். முதலில் நிராகரித்தார்கள், பிறகு தயங்கித் தயங்கி அச்சிட்டார்கள், மக்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். எழுபதாண்டுக் குளறுபடியை ஒழுங்கான திட்டம் போலக் காட்டியது இந்த வரைபடம்தான். உங்கள் கேள்விக்கே அது ஒருவகையில் காரணம்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தை வேகமாகக் கடக்கிறேன். குண்டுவீச்சு தொடங்கியபோது நிலையங்களைப் பதுங்குமிடமாகப் பயன்படுத்த அதிகாரிகள் முதலில் விரும்பவில்லை. மக்கள் மலிவான டிக்கெட் ஒன்றை வாங்கிக்கொண்டு கீழே போய், மேலே வர மறுத்துவிட்டார்கள். அரசு பணிந்தது. மிகப் பெரிய சாவு குண்டால் நேரவில்லை. 1943 மார்ச் 3 அன்று இன்னும் திறக்கப்படாத பெத்னல் கிரீன் நிலையத்தின் படிக்கட்டில், இருட்டில் ஒருவர் தடுக்கி விழ, பின்னால் வந்தவர்கள் மேலே விழுந்து 173 பேர் மூச்சடைத்து இறந்தார்கள். வெளியே சொல்லாமல் அடக்கப் பார்த்தார்கள்.

1948-இல் முழுமையாக அரசுடைமை. அதன் பின் கேள்வி மாறியது: டிக்கெட் பணத்தால் ஒருபோதும் திரும்ப வராத முதலீட்டை எதைச் சொல்லி நியாயப்படுத்துவது? விக்டோரியா தடத்துக்கு 1955-லேயே அனுமதி கிடைத்தும் 1962 வரை பணம் வரவில்லை. ஃபாஸ்டர், பீஸ்லி என்ற இரண்டு பொருளியல் அறிஞர்கள், அந்தத் தடத்தால் மற்றத் தடங்களில் குறையும் நெரிசல், தெருவில் மிச்சமாகும் நேரம் எல்லாவற்றையும் பணமாக மதிப்பிட்டுக் காட்டினார்கள். இன்று எந்த ஊர் மெட்ரோ அறிக்கையிலும் இந்த வகைக் கணக்கு இருக்கும். 1968-69-இல் திறந்த விக்டோரியா தடத்தில் ரயில்கள் தானியங்கி முறையில் ஓடின. ஓட்டுநர் கதவை மூடிப் பொத்தானை அழுத்தினால் போதும்.

பழைய தடங்களைப் பராமரிக்கப் பணம் குறைந்துகொண்டே போனது. 1987 நவம்பர் 18 அன்று கிங்ஸ் கிராஸில் மரப்படி எஸ்கலேட்டருக்கு அடியில், பல ஆண்டுக் குப்பையிலும் கிரீஸிலும் விழுந்த ஒரு தீக்குச்சியால் 31 பேர் இறந்தார்கள். 2003-இல் பராமரிப்பைத் தனியாருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். முக்கிய ஒப்பந்ததாரரான மெட்ரோநெட் 2007-லேயே திவாலாகி, சுமை மறுபடி பொதுப்பணத்தின் தலையில் வந்தது.

கடைசியாக, தெற்கு ஏன் காலி? வழக்கமாகச் சொல்லும் விடை மண். வடக்கே தடித்த களிமண், துளைக்க வசதி. தெற்கே பல இடங்களில் நீர் ஊறும் மணல். இது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. முதல் ஆழ்துளை ரயிலே தெற்கே ஸ்டாக்வெல்லுக்குப் போனதுதானே? பெரிய காரணம் போட்டி. தெற்கே, தொலைதூரப் பயணங்களில் வருமானம் குறைவாக இருந்த ரயில்வேக்கள் உள்ளூர்ப் பயணிகளை நம்பியே தரைக்கு மேல் வலைபோலப் பாதை போட்டிருந்தன. 1920-களில் சதர்ன் ரயில்வே அதையெல்லாம் மின்மயமாக்கிவிட்டு, சுரங்க ரயில் தன் எல்லைக்குள் வராமல் பார்த்துக்கொண்டது. மார்டனைத் தாண்டி சட்டன் என்ற ஊர் வரை போகும் திட்டம் அதன் எதிர்ப்பால்தான் நின்றது. ஆகவே தென் லண்டன்காரர்களுக்கு ரயில் இல்லாமல் இல்லை, சுரங்க ரயில் வரைபடத்தில்தான் இல்லை.

2021 செப்டம்பரில் நார்தர்ன் தடம் நைன் எல்ம்ஸ் வழியாகப் பேட்டர்சி மின் நிலையம் வரை நீண்டது. அங்கே அடுக்குமாடிகள் எழுப்பும் நிறுவனங்களின் பங்களிப்பும், அப்பகுதியின் வணிக வரி வளர்ச்சியை நம்பி வாங்கிய கடனும்தான் அதற்கு முதலீடு. பேக்கர்லூ தடத்தை கேம்பர்வெல்லுக்கு நீட்ட 1931-லேயே அனுமதி கிடைத்தது, கட்டவில்லை. இப்போது அதை லூயிஷம் வரை கொண்டுபோக வரைபடம் தயாராக இருக்கிறது. பணம் யார் தருவது என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை.